தரங்கம்பாடிக்குப் போனவர்கள்

மதுரையிலிருந்து நம் போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது 1928 இல். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு இருப்புப்பாதை வந்தது 1926 இல். இரண்டும் சிறு பாதைகள். இரண்டும் ஒரு கோடியில் போய் முடிந்துவிடுபவை. ஒன்று மலையடியில் நின்றது, மற்றொன்று கடலோரத்தில் நின்றது. தரங்கம்பாடிப் பாதை 1986 இல் மூடப்பட்டது. பிறகு திறக்கப்படவே இல்லை. நம் பாதை 2010 ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, தேனி வரை 2022 இலும் போடி வரை 2023 இலும் மீண்டும் உயிர்பெற்றது.

இக்கட்டுரை பேசப்போகும் பயணம் நிகழ்ந்தது 1919 ஆம் ஆண்டு சித்திரையில். அப்போது இவ்விரு பாதைகளும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டிருப்பின், அவர் வண்டி கட்டிக்கொண்டு உத்தமபாளையம், சின்னமனூர் வழியே தேனிக்கு வந்து, அங்கிருந்து உசிலம்பட்டி கடந்து மதுரையை அடைய வேண்டும். இல்லையேல் பெரியகுளம், வத்தலக்குண்டு வழியே அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குப் போய்த் தொடர்வண்டியைப் பிடிக்க வேண்டும். 1875 முதலே அங்குத் தொடர்வண்டி நின்றது. பிறகு திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று நெடுந்தொலைவு. மாயவரத்தில் இறங்கினால் மீண்டும் மாட்டு வண்டி. கடைசி முப்பது கிலோமீட்டரைக் காவிரிக் கடைமடையின் புழுதியில் கடக்க வேண்டும். சித்திரை வெயிலில் இத்தனை தூரம் ஒரு மனிதன் போவதென்றால் ஒன்று மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அல்லது வழக்கு இருக்க வேண்டும். வெறும் இரண்டு நாள் பேச்சுக்காகப் போனவர்கள் உண்டு என்பதுதான் ஈண்டு நாம் சொல்ல வந்த செய்தி.

1919 மே 1, 2 ஆகிய இரு நாள்களில் தரங்கம்பாடியில் முப்பத்து மூவர் கூடினர். அவர்களுள் இருவர் தவிர மற்றையோர் அனைவரும் இந்தியர். தென்னிந்தியாவில் திருச்சபைகளின் ஒன்றிணைப்பு குறித்து இந்திய ஆயர்களின் தலைமையில் நடந்த முதற்கூட்டம் அதுவே ஆகும். அவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கையிலிருந்துதான், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பெரிய நிகழ்ச்சிகள் பெரிய நகரங்களில் நடக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சென்னையில் கூடியிருக்கலாம், பெங்களூரில் கூடியிருக்கலாம். அவர்கள் தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தரங்கம்பாடி நிலப்படத்தில் தீவு அன்று. ஆயினும் தீவாகவே வாழ்ந்த ஊர் அது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. அக்காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்கு நாட்டார் அங்கே கோட்டை கட்டினர். கிழக்கே கடல், மற்றப் புறங்களில் மதிலும் உப்பங்கழியும், அதற்கப்பால் தஞ்சை அரசு. அந்தச் சிறிய நிலத்துண்டில் டேனிய மன்னரின் கொடி பறந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், கால் நூற்றாண்டுக்கு மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட அவ்வூருக்கு வரவில்லை. சம்பளமும் இல்லை, செய்தியும் இல்லை; கோட்டைக்குள் எஞ்சியிருந்தவர்கள் தாங்களே மதிலைச் செப்பனிட்டுக்கொண்டு காத்துக் கிடந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்தால்தான் தீவு என்பதில்லை. பின்னாளில் சோழ மண்டலத்தின் பெரும்பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் தரங்கம்பாடி தனித்தே நின்றது. 1845 இல்தான் டேனியர் அதனையும் வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர்.

இத்தீவுக்கு 1706 ஜூலையில் வந்து இறங்கியவர்தாம் சீகன்பால்கு. அவர் தமிழ் கற்ற கதையும், அச்சுக்கூடம் வைத்த கதையும், 1715 இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய கதையும் நம் அன்பர்கள் அறிந்தவையே. மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். அவர் இறந்தது 1719 பிப்ரவரியில். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். 1919 அவர் மறைவின் இருநூறாம் ஆண்டு. முப்பத்து மூவர் அந்த ஊரில் கூடியதில் இந்த நினைவு ஒரு பங்கு வகித்திருக்கும் என்று கொள்வதில் பிழையில்லை.

கூடியவர் யாவர்? ஒருபுறம் ஆங்கிலிக்கன் சபையார். அவர்களுக்குத் தலைவர் போன்று விளங்கியவர் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874 இல் பிறந்தவர்; 1912 இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்தவர். மறுபுறம் தென்னிந்திய ஐக்கிய சபையார். இவர்களே எண்ணிக்கையில் மிகுதி. இவர்களுள் முன்னின்றவர் மதுரைப் பகுதி ஆயர் வி. சந்தியாகு. வெளிநாட்டார் இருவரில் ஒருவர் அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி, அசரியாவின் நெடுநாள் தோழர். மற்றவர் ஆங்கிலேயரான பாப்லி. ஈரோட்டில் பணியாற்றிய இந்தப் பாப்லியை நம் கவிஞர்கள் வேறு காரணத்துக்காக அறிய வேண்டும்: தமிழிசையில் தோய்ந்து, கதாகாலட்சேப முறையைக் கிறித்தவப் பரப்புரைக்குக் கையாண்டவர், 1921 இல் இந்திய இசை பற்றியும் 1931 இல் திருக்குறள் பற்றியும் ஆங்கிலத்தில் நூல் தந்தவர்.

தென்னிந்திய ஐக்கிய சபை என்பதே நம் மண்ணோடு தொடர்புடையது. 1908 இல் அமைந்த அச்சபையில் ஆற்காட்டு மிஷன், ஸ்காட்லாந்து மிஷன், இலண்டன் மிஷன், அமெரிக்கன் மதுரை மிஷன், யாழ்ப்பாண அமெரிக்கன் மிஷன் ஆகியவற்றின் சபைகள் இணைந்திருந்தன. இவற்றுள் மதுரை மிஷன்தான் பெரியகுளம், போடி, கம்பம் என்று நம் பள்ளத்தாக்கில் பள்ளிகளும் கோயில்களும் எழுப்பியது. இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களின் வரலாறு வேறு. அது தனிக் கட்டுரைக்குரியது. மதுரை மிஷனின் தோற்றமோ கடலுக்கு அப்பால் உள்ளது. 1834 இல் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்த அமெரிக்கப் போதகர்களும் அவர்களோடு வந்த யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும்தான் மதுரையில் அதனைத் தொடங்கினர். நம் பாட்டனார் எழுத்தறிந்த பள்ளிகளின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்றால் பலர் வியப்பர். இதே மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர்தான் 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதற்பதிப்பாசிரியராக அமர்ந்தார் என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கும் அசரியாவுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1902 இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறித்தவர்கள், எந்த வெள்ளைக்காரரின் பணத்தையும் எதிர்பாராமல், தாமே காசு சேர்த்து, கடல் கடந்து நம் தொண்டிப் பகுதிக்குப் பணியாளரை அனுப்பிவந்ததைக் கண்டார். ஒரு சிறிய நிலத்தின் மக்கள் அக்கரைக்கு ஆள் அனுப்புகிறார்கள். இத்தனை பெரிய திருநெல்வேலிச் சபை என்ன செய்கிறது என்ற வினா அவரைத் தைத்தது. மறு ஆண்டே, 1903 இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1910 இல் எடின்பரோ மாநாட்டுக்குப் போய், வெள்ளையர் பேரவையின் நடுவில், எங்களுக்காக நீங்கள் எவ்வளவோ தந்தீர்கள், நட்பை மட்டும் தரவில்லை என்னும் பொருள்பட அவர் பேசியதும் இதே நெஞ்சின் தொடர்ச்சிதான். பயணங்களால் உருவானவர் அசரியா. தரங்கம்பாடி அவருடைய மூன்றாவது பெரும்பயணம் என்பேன்.

சரி, இவர்களை அவ்வளவு தூரம் வரவழைத்த இடர் என்ன?

மிஷன்கள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் பணியாற்றும் வட்டத்தில் மற்றவர் நுழைவதில்லை என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, நோக்கம் நல்லதே. ஆனால் விளைவு வேடிக்கையாயிற்று. திருநெல்வேலியில் பிறந்தவன் ஆங்கிலிக்கன். மதுரையில் பிறந்தவன் காங்கிரிகேஷனல். தஞ்சையில் பிறந்தவன் லுத்தரன். ஆற்காட்டில் பிறந்தவன் வேறு. நம்பிக்கையைத் தீர்மானித்தது நெஞ்சமன்று, தாலுகா எல்லை. பிழைப்புத் தேடித் திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சீமைக்கு வந்து கடை வைத்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் மொழி தமிழ், பாடல் தமிழ், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தமிழர். ஆனால் திருவிருந்து வேளையில் இவர்கள் சபையின் ஒழுங்கு கையை நீட்ட விடாது. மேசை ஒன்று, பகிர்ந்து உண்ணத்தான் முடியாது. இந்தப் பிரிவின் மூலம் எங்கே இருந்தது? பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசர்களுக்கும் பாராளுமன்றத்துக்கும் குருமார்க்கும் இடையே நடந்த பூசலில். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் அதனோடு என்ன உறவு?

காலமும் சாதாரணக் காலமன்று. உலகப்போர் முந்தைய நவம்பரில்தான் முடிந்திருந்தது. கிறித்தவ நாடுகள் எனப்பட்டவை ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்ததை இந்தியச் சிப்பாய்கள் நேரில் பார்த்துத் திரும்பியிருந்தனர். தரங்கம்பாடியிலேயே பணியாற்றிய ஜெர்மானிய லைப்சிக் மிஷனார் பகைநாட்டார் என்று வெளியேற்றப்பட்டிருந்தனர். சுவீடன் நாட்டார் வந்து பொறுப்பேற்றிருந்தனர். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு கொதித்தது. கூட்டம் நடப்பதற்குப் பதினெட்டு நாள்களுக்கு முன்புதான் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. இந்நிலையில், எங்கள் வீட்டை எங்களுக்கு வேண்டிய வண்ணம் நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று முப்பத்தொரு இந்தியர் ஓரிடத்தில் கூடிச் சொல்வது சமயச் செயல் மட்டும் ஆகாது.

அறிக்கையின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். போருக்குப் பின் உலகம் புதிதாகக் கட்டப்படும் வேளையிது. நம் நாடும் நெருக்கடியில் இருக்கிறது. இவ்வேளையில் நாம் பிரிந்து கிடப்பதால் வலுவிழந்து நிற்கிறோம். இப்பிரிவுகளுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர். அவை வெளியிலிருந்து நம்மீது ஏற்றப்பட்டவை. நாம் உண்டாக்காதவை, நாம் நீடிக்க விரும்பாதவை. இதற்குப் பிறகு நடைமுறை வருகிறது. சபையார் அனைவரும் சமம் என்னும் காங்கிரிகேஷனல் மரபு, தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடி ஆளும் பிரெஸ்பிடேரியன் மரபு, பேராயர் தலைமை தாங்கும் ஆங்கிலிக்கன் மரபு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே உடம்பில் இருக்கலாம் என்றனர். திருமறை, இரு பழைய விசுவாசப் பிரமாணங்கள், இரு திருச்சடங்குகள், நாட்டுக்கேற்பத் தகவமைத்த பேராயர் பணி என நான்கினை அடிப்படையாக வைத்தனர். இரண்டே நாளில் இதனை எழுதி முடித்தனர். இரண்டு நாளில் முடிந்ததற்குக் காரணம் எளிது. அவர்கள் பூசலுக்கு உரியவர்கள் அல்லர். பூசலின் வாரிசுகள் மட்டுமே. வாரிசுகளுக்கு வழக்கை முடித்துக்கொள்வது சற்று எளிது.

ஆயினும் சபைகள் அதை நிறைவேற்ற இருபத்தெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. 1920 இல் கூட்டுக்குழு கூடியது. 1925 இல் மெதடிஸ்டுகள் சேர்ந்துகொண்டனர். 1929 இல் இணைப்புத் திட்டத்தின் முதல் வரைவு வந்தது. திருத்தம், மறுதிருத்தம் என்று காலம் ஓடியது. யார் தலைமீது யார் கைவைத்தால் ஒருவர் ஆயர் ஆவார் என்னும் ஒரே வினா பல்லாயிரம் பக்கங்களை விழுங்கியது. அசரியா 1945 புத்தாண்டு நாளில் கண் மூடினார். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கழிந்ததும், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிவைக்கப்பட்டது. நம் பள்ளத்தாக்கு மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் அடங்கியது. அதன் முதற்பேராயர் லெஸ்லி நியூபிகின், அப்போது முப்பத்தேழு வயதினர். யாழ்ப்பாணமும் ஒரு திருமண்டலமாகவே இணைந்தது. அதன் முதற்பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் விவிலியத்தின் வரலாற்றைப் பின்னாளில் தமிழில் எழுதிய அறிஞர். இரு நாடுகளாகிவிட்ட பின்னும் ஒரே சபை. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கித் தொடர்வண்டி பிடிப்பதே அக்கரைக்கும் இக்கரைக்கும் வழியாக இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரையில் அவ்வழி நிலைத்தது.

இவ்வரலாற்றில் யாரும் உரக்கச் சொல்லாத முரண் ஒன்று உண்டு. இணைப்புக்கு விதையிட்ட தரங்கம்பாடி, அந்த இணைப்பில் சேரவே இல்லை. அவ்வூரின் சபை லுத்தரன் சபை. 1919 ஜனவரி 14 அன்று, அதாவது நம் முப்பத்து மூவர் வருவதற்கு நான்கு மாதங்களுக்குள்ளாக முன்பு, அது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று தனியே அமைந்திருந்தது. 1947 இலும் அது வெளியேதான் நின்றது. இன்றும் தனித்தே நிற்கிறது. விருந்துக்கு இடம் கொடுத்தவர் பந்தியில் உட்காரவில்லை. மதில்கள் இடிந்தாலும் தீவு தீவாக இருக்க விரும்பியது போலும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அவர்கள் காரணங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று.

நாம் உண்டாக்காத பிரிவுகள் என்றார்கள் அல்லவா? அச்சொற்கள் உண்மை. ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் எல்லாம் கப்பலில் வந்தவை. ஆனால் கப்பலில் வராத பிரிவு ஒன்று அவ்வூரில் இருந்தது. அது முப்பத்து மூவர் வந்த பாதைகளிலெல்லாம் இருந்தது, அவர்கள் வண்டி நின்ற ஊர்களிலெல்லாம் இருந்தது. அறிக்கையில் சாதி என்ற சொல் இல்லை.

தரங்கம்பாடியின் பழைய கதை ஒன்றைப் பாருங்கள். தஞ்சை மன்னரின் படையில் சேவகராக இருந்தவர் ராஜநாயக்கன்; தாழ்த்தப்பட்ட குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷம் கைக்குக் கிடைக்க, படித்து, உள்ளம் திரும்பி, அச்சபையில் சேர்ந்தார். தஞ்சை நாட்டில் அடி வாங்கியும் பகை தாங்கியும் உபதேசியாராக உழைத்தார். 1733 இல் வேளாளரான ஆரோன் ஆயராக அபிஷேகம் பெற்றார்; இந்திய லுத்தரன் ஆயர்களுள் அவரே முதல்வர். அடுத்து ஒருவர் வேண்டும் என்று வந்தபோது ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மேற்குலத்துக் கிறித்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற தயக்கம் எழுந்தது. 1741 இல் தியோகு என்பவர் ஆயரானார். ராஜநாயக்கன் வாழ்நாள் முழுதும் உபதேசியாராகவே இருந்தார். திருநெல்வேலிக் கடைக்காரரும் மதுரைச் சபையாரும் ஒரே மேசையில் கைநீட்ட முடியாமல் போனதற்கு இங்கிலாந்து காரணம். ராஜநாயக்கன் கையை மறுத்ததற்கு எந்த நாடு காரணம்?

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நம் வட்டத்தில் போற்றாதவர் இல்லை. பெத்லகேம் குறவஞ்சியின் சந்தங்களில் மயங்காத காது காது அன்று. அவரே 1820களின் இறுதியில், சபைக்குள் சாதி வழக்கங்களைக் கைவிடச் சொன்ன புதிய போதகர்களை எதிர்த்து எழுதினார். பந்தியும் இருக்கையும் வழக்கப்படி இருக்க வேண்டும் என வாதாடினார். 1833 இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து முற்றாக நீக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை இரண்டுபட்டது. பலர் பின்னர் அதில் இளக்கம் காட்டிய லுத்தரன் பக்கம் சென்றனர். பெருங்கவிஞர் ஒருவர் பெரும்பிழை ஒன்றின் பக்கம் நின்றார் என்பதை மலரில் எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதாவிடில் அவரைக் கவிஞராக மட்டும் அல்ல, மனிதராகவும் நாம் மதிக்கவில்லை என்றாகும்.

நம் மதுரை மிஷன் இதில் கடுமை காட்டிய மிஷன். 1847 இல், சாதி பாராமல் உடனமர்ந்து உண்ணாதவர் சபையில் உறுப்பினராக இருத்தல் ஆகாது என்று விதி செய்தது. உபதேசியார்கள் உட்படப் பலர் விலக்கப்பட்டனர். சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவில்லை. ஆனால் அந்த விதியைச் செய்தவர்கள் அமெரிக்கர்கள். சாதியை எதிர்த்த விதி வெளியிலிருந்து வந்தது. சாதியோ உள்ளிருந்து வந்தது. 1919 இல் எல்லாம் நம் கையால் என்று எழுதும் வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியபோது, வெளியிலிருந்து வந்தவற்றின் பட்டியல்தான் எழுதப்பட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அசரியா தோர்ணக்கலில் தம் வாழ்நாளைச் செலவிட்டது தெலுங்கு நாட்டு மாலர், மாதிகர் நடுவில்தான். ஒரே கூட்டத்தில் எல்லாவற்றையும் பேச இயலாது என்பதும் மெய்யே. ஆயினும் நாம் உண்டாக்காத என்ற அந்தத் தொடர் வரும்போதெல்லாம் என் கண் அங்கே தயங்கி நின்றுவிடுகிறது. அது ஒரு சுகமான தொடர். நம் வட்டத்தின் இந்தப் பத்தாண்டுகளிலும் மரபுக் கவிஞரும் புதுக்கவிஞரும் ஒரே மேடையில் அமர மறுத்த மாலைகள் உண்டு. அவற்றை வெளியூரார் யாரும் வந்து உண்டாக்கவில்லை.

நம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். சிறுவனாக இருந்தபோது அங்கே ஒரு சாவுக்கு என் தந்தையாருடன் போயிருந்தேன். ஒரே கோயில், ஒரே ஆயர், ஒரே மணி. மணி அடித்ததும் கூட்டம் புறப்பட்டது. தெரு முனையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பாடிக்கொண்டே வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே நின்றுவிட்டார்கள். இறந்தவர் கீழத்தெருக்காரர்; அவருக்குரிய கல்லறைத் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம். நின்றவர்கள் பாட்டை நிறுத்தவில்லை என்பது நினைவிருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே பாடினார்கள். இரு கூட்டமும் ஒரே பாட்டைப் பாட, நடுவில் தூரம் கூடிக்கொண்டே போயிற்று. தந்தையார் நிற்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். தண்ணீர் கணுக்கால் அளவே. திரும்பி வருகையில் எவரும் எங்களோடு பேசவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். 1792 இல் கட்டிய நகர வாயில் வழியே நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் கடல் வரை நேராகப் போகலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர் குடியிருப்புகள் இடம் மாறியிருந்தன. பழைய வீடுகள் சில செப்பனிடப்பட்டிருந்தன. புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறையைக் காட்டினார்கள். முப்பத்து மூவர் கூடியதைப் பற்றிக் கேட்டேன். காவலர் பெரியவர் அன்பானவர். சற்று யோசித்துவிட்டு, அவங்க வேற சபைக்காரங்க ஐயா, என்றார். ராஜநாயக்கனைப் பற்றியும் கேட்டேன். அந்தப் பெயரை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, எழுதிக் கொடுங்க, யாரையாவது கேட்டு வைக்கிறேன் என்றார். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்துவிட்டு மாயவரம் பேருந்தைப் பிடிக்க வந்துவிட்டேன்.